மைனஸ் இரண்டு புள்ளி எட்டு

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபத்தாறு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. முதலில் தைத்து வந்த பீஸ்களைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று தேடிக்கொண்டிருந்தேன். பிறகு தைப்பதற்கு முன்னால் வரும் துணியைப் பார்க்கும் இடத்துக்கு மாற்றினார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒருவர் சிரித்த முகத்தோடு ஒரு லாட்டைக் கொண்டுவந்து இறக்கினால், இவருக்கு ஏன் இன்றைக்கு இவ்வளவு சிரிப்பு என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். சும்மாவா எலி அம்மணமாக ஓடும்?

இந்தப் புத்தி கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதுவும் என்னோடு பஸ் ஏறி முதலிபாளையத்து வீட்டுக்கு வந்துவிடும். காய்க்காரரின் தராசு, கேஸ் சிலிண்டரின் எடை, பண்டிகை நேரத்தில் மட்டும் போன் பண்ணும் சொந்தக்காரர்களின் பாசம் எதையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள். இப்போது அவருக்கு எழுபது, எனக்கு அறுபது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் நம்புகிற வேலை அவருடையது, சந்தேகப்படுகிற வேலை என்னுடையது.

முப்பது வருடத்துக்கு மேல் அவர் நிட்டிங் மெஷின் ஓட்டினார். பஞ்சுத் தூசியைத் தின்று தின்று மூச்சிரைப்பு வந்துவிட்டது. நெஞ்சு இழுக்க ஆரம்பித்தால் மருந்துக் கடையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை தருவார்கள். போட்ட ஒரு நாளில் ஆள் தெளிந்துவிடுவார். அந்த அட்டையை வாங்கும்போதெல்லாம் தேதி தாண்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பேன். தேதியைத்தான் பார்த்தேன். மாத்திரையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் கம்பெனி கேன்டீனில் எலும்பு அடர்த்தி முகாம் வைத்தார்கள். நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு இலவசம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. உள்ளே போனால் ஒரு மேசையில் சின்னப் பெட்டி ஒன்று. குதிகாலில் ஜெல் தடவி அதற்குள் வைக்க வேண்டும். பக்கத்து மேசையில் கால்சியம் பவுடர் டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது என்று வரிசையில் பின்னால் நின்றவளிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, அதற்காக டப்பாவை வாங்காமலும் போகவில்லை.

என் முறை வந்தது. பெட்டி காட்டியது மைனஸ் ஒன்று புள்ளி ஆறு. நான் விடவில்லை, இன்னொரு தடவை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இந்தத் தடவை மைனஸ் ஒன்று புள்ளி நான்கு. ஐந்து நிமிடத்தில் என் எலும்பு வளர்ந்துவிட்டதா என்று கேட்டேன். பெட்டியை இயக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். பேச்சைக் கேட்டால் தூத்துக்குடிப் பக்கம். காலை வைக்கிற விதத்தில் கொஞ்சம் மாறும், அப்படித்தான் என்று பொறுமையாகச் சொன்னாள். நியாயமாக நான் அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். ஒரே துணியில் இந்த ஓரத்தில் வெட்டிய வட்டம் ஒரு எடை காட்டும், அந்த ஓரத்தில் வெட்டியது இன்னொரு எடை காட்டும். தினமும் பார்க்கிறேன். அதற்காகத் தராசைப் பொய் என்று சொல்வதில்லை. ஆனால் அது என் தராசு, இது அவர்களுடையது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் டிபன் கேரியரோடு வந்து சேர்ந்தார். வேலையிலிருந்து நின்ற பிறகு எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருவதை அவராகவே ஒரு ஷிப்டு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். வரிசை காலியாக இருந்ததால் அந்தப் பெண் அவரையும் கூப்பிட்டாள். பொம்பளைகளுக்குத்தானே இது என்று அவர் தயங்கினார். ஆண்களுக்கும் எலும்பு தேயும், மெதுவாகத் தேய்வதால் யாரும் கவனிப்பதில்லை என்று அவள் சொன்னாள். சொன்ன பேச்சைத் தட்டாத ஆள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். மைனஸ் இரண்டு புள்ளி எட்டு.

அந்தப் பெண் டப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் காகிதத்தைக் கொடுத்துவிட்டு என்னைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, சாரைக் கட்டாயம் டாக்டர்ட்ட காட்டிருங்க. பெரிய மெஷின்ல ஒரு தடவை பாத்துருங்க. சும்மா விட்ராதிய."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எந்த டாக்டர், அவருக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் மனசு கணக்குப் போட்டது. அவள் எந்த டாக்டர் பெயரையும் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். பெயரைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று சொல்லாமல் விட்டிருப்பாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவர் கவலையாக உட்கார்ந்திருந்தார். மைனஸ் என்று போட்டிருக்கிறதே என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வேலையில் துணியின் அடர்த்தியை ஜிஎஸ்எம் என்று சொல்வோம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. வட்டக் கட்டரைத் துணி மேல் அழுத்தித் திருகினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் வரும். அதை எடை போட்டால் தெரிந்துவிடும். நூற்றெண்பது கேட்ட இடத்தில் நூற்றெழுபத்தைந்து வந்தால், மைனஸ் இரண்டு புள்ளி எட்டு சதவீதம். ஐந்து சதவீதம் வரைக்கும் கூடலாம், குறையலாம், சரக்கு வாங்குகிற பையர் ஏற்றுக்கொள்வார். அதை நான் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணுவேன்.

இதை அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். அடர்த்திக்கு அடர்த்தி, மைனஸுக்கு மைனஸ், எல்லாம் ஒன்றுதானே. அவர் முகம் தெளிந்தது. அதோடு விட்டேனா? என் கைப்பையில் கம்பெனியின் சின்ன வட்ட ஸ்டிக்கர்கள் எப்போதும் கிடக்கும். பச்சையில் 'பாஸ்' என்று அச்சடித்தது, தேறிய பீஸில் ஒட்டுவது. ஒன்றை உரித்து அவருடைய காகிதத்தில், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இருவரும் சிரித்தோம். என் காகிதத்தின் பின்பக்கம் மளிகைப் பட்டியல் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவருடையது என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. முதலில் சர்க்கரை டப்பா. மேல் அலமாரியில் இருக்க வேண்டியது கீழ்த் தட்டுக்கு இறங்கி வந்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. கை எட்டும் தூரத்தில் வைத்துத் திருட்டுத்தனமாக டீ போட்டுக் குடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். டப்பாவுக்குள் சர்க்கரை மட்டம் எங்கே நிற்கிறது என்று பேனாவால் வெளியே கோடு போட்டு வைத்தேன். கோடு இறங்கவில்லை. அது எனக்குச் சந்தோஷம் தரவில்லை, கோட்டைப் பார்த்துவிட்டார் போல என்றுதான் நினைத்தேன்.

அடுத்தது டீ-சர்ட். கம்பெனியில் மிஞ்சும் பீஸ்களைத்தான் அவர் வருடக்கணக்காகப் போடுவார். நீல நிறத்தில் ஒன்று, நானே பொறுக்கியெடுத்துக் கொடுத்தது. ஒரு நாள் வாசலில் நின்றவரைப் பார்த்தேன். முன்பக்கம் தொடை வரை இறங்கியிருக்கிறது, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முன்னும் பின்னும் உயரம் பொருந்தாவிட்டால் எங்கள் கணக்கில் ரிஜெக்ட். இது என் கண்ணில் எப்படித் தப்பியது என்று எனக்கே கோபம். கழற்றச் சொல்லி மேசையில் விரித்து இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். தோள் முனையிலிருந்து முன்பக்கம் இருபத்தெட்டு, பின்பக்கமும் இருபத்தெட்டு. பீஸில் ஒரு நூல் குறையில்லை. திரும்பப் போடச் சொன்னேன், திரும்பவும் அதே கோணல்.

கூன் போடாமல் நேராக நிற்கச் சொன்னேன். நேராகத்தானே நிற்கிறேன் என்றார். வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து உட்கார்ந்து சோம்பல் முதுகில் ஏறிவிட்டது என்று திட்டினேன். டேப் என் கையில் இருந்தது. துணியை இரண்டு தரம் அளந்தவள் அதை உடுத்தியிருந்தவரை ஒரு தரம் அளக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது குன்னத்தூர். அங்கே என் அண்ணன் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. என் அண்ணனுக்கும் இவருக்கும் ஒரு பழைய மனத்தாங்கல். அந்தப் பக்கம் விசேஷம் என்றால் இவருக்கு அன்று காலை ஏதாவது ஒன்று வரும். ஒரு தடவை தலைவலி, ஒரு தடவை வயிறு, ஒரு தடவை மூச்சிரைப்பு. நான் பஸ் ஏறிய பிறகு எல்லாம் சரியாகிவிடும். அதனால் அன்று காலையிலிருந்தே அவர் மேல் ஒரு கண் வைத்திருந்தேன். புடவை கட்டிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் ஒரு சின்னச் சத்தம், விக்கல் மாதிரி. போய்ப் பார்த்தால் தண்ணீர் கேன் உருண்டு கிடக்கிறது, அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். கேனைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கப் போனாராம், முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டதாம்.

கேன் மேலே விழவில்லை, ஆள் விழவில்லை, எங்கும் அடிபடவில்லை. தூக்கும்போதே ஒரு முதுகு உடையும் என்று யார் நம்புவார்கள்?

"வருசா வருசம் இதே நாடகமுங்களா? எங்க அண்ணன் ஊட்டு வாசப்படி மிதிச்சா காலு தேஞ்சு போயிருமா?" என்றேன்.

"நீ போயிட்டு வா அம்மிணி. எனக்கு முடியல," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். இழுத்தேன் என்பதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. வலித் தைலம் தேய்த்துவிட்டேன். சோற்றையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் மேசையில் மூடி வைத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். பந்தியில் உட்கார்ந்து, இவர் இந்நேரம் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார் என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தேன். திரும்பி வரும்போது மணி நான்கு.

கட்டிலில் எப்படிப் படுக்க வைத்தேனோ அப்படியே கிடந்தார். சொம்பு வைத்தபடி இருந்தது, சோற்றுத் தட்டின் மூடி திறக்கவில்லை. அந்த வெயிலில் கழுத்து வரைக்கும் போர்வையை இழுத்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அப்போதும் என் புத்தி போகவில்லை. எதையோ மறைக்கிறார் என்று போர்வையைப் பிடித்து உருவினேன்.

கைலி நனைந்திருந்தது. எழுந்து போக முடியாமல் அங்கேயே போய்விட்டிருக்கிறார். அதைத்தான் மறைத்திருக்கிறார். போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. கூப்பிட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, நீ வந்துவிடுவாய் என்று தெரியும் என்றார். நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். அவமானத்தில்தான் அழுதேன். யாருடைய அவமானம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் பின்சீட்டில் நீளப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயை விளக்கு வெளிச்சத்தில் வைத்து அங்கிருந்த டாக்டரம்மா விரலால் காட்டினார். முதுகெலும்பில் ஒரு எலும்புக் கட்டை புதிதாக நசுங்கியிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று, அது பழையது. முன்பே நசுங்கித் தானாக ஆறிவிட்டிருக்கிறது. உயரம் குறைந்து முன்னால் வளைந்திருப்பாரே, வீட்டில் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். எனக்கு அந்த நீல டீ-சர்ட் கண்ணில் வந்து நின்றது. சர்க்கரை டப்பா எதற்குக் கீழே இறங்கி வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கை எட்டவில்லை.

இரண்டு நாளில் பெரிய மெஷினில் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். மைனஸ் மூன்று புள்ளி ஒன்று என்று வந்தது. நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன், ஐந்து வரைக்கும் பரவாயில்லைதானே என்று. எந்த ஐந்து என்றார். நூற்றெண்பது, நூற்றெழுபத்தைந்து, பையர் என்று நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரிக்கவில்லை. அது சதவீதமே இல்லை என்றார். திடமான இளவயது எலும்பைப் பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து எத்தனை படி கீழே இறங்கியிருக்கிறது என்ற கணக்காம். ஒவ்வொரு படியும் பெரிய படி. இரண்டரைப் படிக்குக் கீழே போனால் அது நோய்.

பெண்ணுக்கு மாதவிலக்கு நின்ற சில வருடத்தில் எலும்பு மளமளவென்று இறங்கிவிடும், அதனால் பெண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆணுக்கு அந்தத் திடீர் இறக்கம் கிடையாது, சரிவில் நடப்பது போல மெல்ல மெல்ல இறங்கி, எழுபதை ஒட்டி இருவரும் ஒரே வேகத்துக்கு வந்துவிடுவார்களாம். அதற்கு முன்னாலேயே இவர் இத்தனை படி இறங்கியதற்குக் காரணம் வேறு என்று சொல்லி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். பையிலிருந்து அந்த வெள்ளை மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். எத்தனை வருடமாக என்றார். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும் என்றேன். அது ஸ்டீராய்டு, நெஞ்சுக்குக் கொடுத்துவிட்டு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்றார். திடீரென்று நிறுத்தவும் கூடாதாம், நெஞ்சு டாக்டரைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டுமாம். ஊரெல்லாம் சந்தேகப்பட்ட நான் அதைக் காலாவதித் தேதி பார்த்துப் பார்த்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு முன்னால் எப்போதாவது எலும்பு அடர்த்தி பார்த்திருக்கிறீர்களா என்று கடைசியாகக் கேட்டார். இல்லீங்க என்று நான் முந்திக்கொண்டேன். மறந்து சொன்னேனா, பயந்து சொன்னேனா என்று இன்றைக்கும் என் மேல் எனக்கே சந்தேகம்தான்.

கட்டிலில் படுத்திருந்தவர் மஞ்சள் பையைக் கேட்டார். அதற்குள் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் எல்லாம் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா பிரித்தார். மைனஸ் இரண்டு புள்ளி எட்டு. பக்கத்தில் பச்சை வட்டம்.

"இது யார் ஒட்டினது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

"எங்க ஊட்டுல அம்மிணி செக்கிங்ல இருக்குதுங்க. இருவத்தாறு வருசம். கம்பெனில அது பாஸ்னு சொன்னா அப்பறம் ஓனரே பாக்க மாட்டாருங்க. அது பாத்து ஒட்டிக் குடுத்துச்சு. அதனால நான் எதுக்கும் பயப்படலைங்க."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னார். குத்திக் காட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்து ஃபைலில் வைத்தார். அது கம்பெனி முகாம் காகிதம் என்பதைக் கவனித்திருப்பார் போல, முகாமில் உங்களுக்கு எவ்வளவு வந்தது என்று மெதுவாகக் கேட்டார். எண்ணைச் சொல்லலாம், காகிதம் எங்கே என்றால் மளிகை எழுதிக் கிழித்துவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு ஐம்பதாவது வயதில் தீட்டு நின்றுவிட்டது, அந்த மளமள இறக்கத்தில்தான் நானும் இருந்திருக்கிறேன். அடுத்த வாரமே என்னையும் அந்த மெஷினில் படுக்கச் சொன்னார். மறுபேச்சுப் பேசாமல் படுத்தேன்.

மூன்று மாதம் இடுப்பில் பெல்ட்டோடு இருந்தார். வாரத்துக்கு ஒரு மாத்திரை. அதை வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் நாற்காலியில் உட்காருவார், நான் எதிரில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் இப்படி அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்தால் எதைப் பற்றியாவது குறை சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது அவர் முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். தண்ணீர் கேனை நான்தான் தூக்குகிறேன், பாதியை வாளியில் ஊற்றிவிட்டு.

போன மாதம் அவருக்கு மறுபடி ஸ்கேன். காகிதம் கைக்கு வந்தது. டாக்டரம்மா கூப்பிடுவதற்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது என்று இருந்தது. அவர் கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் பார்த்தார், பிறகு என் மடியில் வைத்தார்.

"பாத்துச் சொல்லு அம்மிணி. பாஸா?"

கேலியாக இருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அன்றைக்கு எப்படிக் கேட்டாரோ அப்படியேதான் கேட்டார், நான் என்ன சொன்னாலும் எடுத்துக்கொள்கிற அதே முகம். எத்தனையோ ஆயிரம் பீஸைப் பார்த்தவுடன் பாஸ், ரிஜெக்ட் என்று சொன்ன வாய் எனக்கு.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "உள்ள போயி டாக்டரைக் கேட்டுக்கலாமுங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். அப்போது உள்ளே கூப்பிட்டார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.